பதினோராவது பாட்டு

அஸாருக்கு இருபத்தேழு வயதில் முடி கொட்ட ஆரம்பித்தது. அவனுடைய இசையில் ஆழம் வந்ததும் அப்போதுதான். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று அவன் யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்வான். ஆனால் மேடையில் தலையை உலுக்கி உலுக்கிப் பாடியே பேர் வாங்கினவனுக்கு உலுக்க ஒன்றும் மிச்சமில்லை என்றால், ஒரு மூலையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு பாடுவதைத் தவிர வேறு என்ன வழி இருக்கிறது?

அதற்கு முன் அவன் 'பூகம்பம்' குழுவின் பாடகன். தஞ்சாவூர் முதல் நாகப்பட்டினம் வரை எந்தக் கல்லூரியில் ஆண்டு விழா என்றாலும் பூகம்பத்தைக் கூப்பிடுவார்கள். பாட்டெல்லாம் அவனே கட்டியது. கரண்ட் போவதைப் பற்றி ஒரு பாட்டு, கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராததைப் பற்றி ஒரு பாட்டு, கும்பகோணம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காததைப் பற்றி ஒரு பாட்டு. விஷயம்தான் வேறு, அலறல் ஒன்றேதான். நான்கு பேர் இருந்த குழு அது. பேஸ் கிடார் வாசித்த ஷஹ்பாஸ் துபாயில் சூப்பர் மார்க்கெட் வேலைக்குப் போய்விட்டான். கீபோர்டு பஞ்சநதம் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து, கழுத்தில் பட்டை மாட்டிய போட்டோ ஒன்றை அனுப்பிவைத்தான். மிஞ்சியது அஸாரும் டிரம்ஸ் வாசிக்கிற இளம்பரிதியும். இரண்டே பேரை வைத்துக்கொண்டு பூகம்பம் என்று சொல்லிக்கொள்ள முடியாது, லேசான நடுக்கம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஆகவே அஸார் உள்முகமாகத் திரும்பினான். அடுத்த கேசட்டுக்கு 'உள்ளே' என்று பெயர் வைத்தான். பத்துப் பாட்டு. எல்லாம் சோகம், எல்லாம் மெதுவாக, வெறும் கிடாரும் குரலும். ஒரே ஒரு சிக்கல், பாடுவதற்கு அவனிடம் சோகம் இல்லை. அத்தா அப்துல் வஹாப் சவூதியில், தம்மாமில் ஒரு பாத்திரக் கடையில் இருந்துகொண்டு மாதம் தவறாமல் பணம் அனுப்பினார். மயிலாடுதுறை கடைத்தெருவில் மகனுக்கு எஸ்.டி.டி. பூத் ஒன்றும் வைத்துக் கொடுத்திருந்தார். அம்மா கமருன்னிஸா மூன்று வேளையும் சமைத்துப் போட்டாள். காதல் தோல்விகூடக் கிடையாது, தோற்பதற்கு முதலில் ஒருத்தி சம்மதித்திருக்க வேண்டும்.

சோகத்தைத் தேடி அவன் பூம்புகார் கடற்கரைக்குப் போனான். தாடியோடு தண்ணீரைப் பார்த்தபடி மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தான். வலை பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் வந்து, ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து, டீ வாங்கிக் கொடுத்து, "எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம் தம்பி, வீட்டு நம்பர் சொல்லுங்க" என்றார்கள். பஸ் ஏற்றிவிட்டுத்தான் திரும்பினார்கள். அவர்களைப் பற்றி ஒரு பாட்டு எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அவன் கடலைப் பற்றி எழுதினான். அவனுடைய பூத்திலோ தினமும் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் யாராவது ஒருத்தி ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருப்பாள். அப்போதெல்லாம் அஸார் கல்லாவில் உட்கார்ந்து, எதற்கு ஏங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பான். இப்படி ஒரு மடையன் அந்தத் தெருவில் அதற்கு முன் பிறந்ததில்லை.

எப்படியோ தை மாதத்துக்குள் பத்துப் பாட்டும் தேறின. தஞ்சாவூர் கீழவாசலில் மாடியில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்த மீரா உசேன், பக்திப் பாட்டுகளுக்கு நடுவே மூன்று நாள் ஒதுக்கித் தருவதாகச் சொன்னார்.

"டிரம்ஸுக்குத் தனி ரூம் ஒழிக்கணுமா தம்பி?" என்று கேட்டார்.

"வேண்டாம்ணே. இதுல டிரம்ஸே இல்ல."

சொல்லிவிட்டு பஸ் ஏறினவனுக்கு, அய்யம்பேட்டை தாண்டுகிற வரைக்கும் ஒன்றும் தோன்றவில்லை. தாண்டிய பிறகுதான் சுரீரென்றது. டிரம்ஸ் இல்லை என்றால் இளம்பரிதி இல்லை. அதை இளம்பரிதிக்கு யார் சொல்வது?

இளம்பரிதி எட்டு கிலோமீட்டர் தள்ளி நெடுங்கரையில் இருந்தான். அவனுடைய அப்பா மருதையன் முப்பது வருஷம் அடுத்தவர் வயலில் கூலிக்கு உழைத்துவிட்டு, இப்போதுதான் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துச் சொந்தமாக விவசாயம் பார்க்கிறார். இளம்பரிதி ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்தவன். போன வருஷமே சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளத்துக்கு ஆள் எடுத்தபோது அவன் பெயர் வந்தது. "குழுவ விட்டுட்டு எப்படிப் போறது" என்று மறுத்துவிட்டான். இப்போது மறுபடியும் வந்திருக்கிறது. ஏஜென்ட் சேக் தாவூது கறாரான மனுஷர். திங்கள்கிழமை பன்னிரண்டு மணிக்குள் பாஸ்போர்ட் கைக்கு வராவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும், மூன்றாவது தடவை கூப்பிடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். இளம்பரிதி யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருந்தான். அவன் எதை யோசிக்கிறான் என்பது அஸாருக்குத் தெரியும். இந்தக் கேசட்டைத்தான்.

எனவே அஸார் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. 'புதுக் கேசட்டில் உனக்கு இடமில்லை, நீ சிங்கப்பூர் போ' என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். உள்ளத்தின் உண்மையைப் பற்றிப் பத்துப் பாட்டு எழுதினவனுக்கு இந்த ஒரு உண்மை வாய்க்கு வரவில்லை. இரண்டு தடவை நெடுங்கரைக்குப் போனான். முதல் தடவை இளம்பரிதியின் அம்மா கண்ணாத்தாள் கொழுக்கட்டை கொடுத்தாள், தின்றுவிட்டு வந்தான். இரண்டாம் தடவை கொழுக்கட்டை இல்லை, அப்படியும் சொல்லவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, அம்மா வழக்கம்போல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு டேப் ரெக்கார்டரின் முன் உட்கார்ந்திருந்தாள். அத்தாவுக்குக் கேசட்டில் பேசிக்கொண்டிருந்தாள். போனில் பேசினால் மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடுகிற ஓட்டத்தில் நலம் விசாரிப்பதோடு சரி. கேசட் அப்படியில்லை. ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் நிதானமாகப் பேசலாம். யாராவது சவூதிக்குப் போகும்போது கொடுத்துவிட்டால், பத்து நாளில் அத்தா கைக்குப் போய்விடும். அவர் பேசி அனுப்புவது திரும்பும் ஆளோடு வரும்.

அந்த வீட்டில் முக்கியமான எதையும் யாரும் யாருக்கும் முகத்துக்கு நேராகச் சொன்னதே இல்லை. அஸார் காலேஜில் இரண்டு பாடத்தில் தவறியது கேசட்டில்தான் தம்மாமுக்குப் போனது. அத்தாவின் திட்டும் கேசட்டில்தான் வந்தது, உட்கார்ந்து கேட்கச் சொல்லி அம்மா பக்கத்திலேயே நின்றாள். அத்தா இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வந்தால், கணவனும் மனைவியும் ஒரு நாளைக்கு நான்கு வார்த்தை பேசினால் அதிகம். அவர் விமானம் ஏறின மறுநாளே அம்மா புதுக் கேசட்டைப் பிரித்துவிடுவாள், அத்தனையும் கொட்டுவாள்.

கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த அஸாருக்கு மண்டையில் மணி அடித்தது. எட்டு கிலோமீட்டரில் இருக்கிற ஒருவனுக்குக் கேசட்டில் பேசி அனுப்புவது என்பது உலகத்தில் வேறு எந்த வீட்டுப் பிள்ளைக்கும் தோன்றியிருக்காது.

ஒரு கேசட்டின் 'ஏ' பக்கத்தில் பத்துப் பாட்டையும் வீட்டிலேயே பாடிப் பதிந்து வைத்திருந்தான். 'பி' பக்கத்தில் பேச உட்கார்ந்தான். பொத்தானை அழுத்தினான். உடனே நிறுத்தினான். மறுபடி அழுத்தினான், மறுபடி நிறுத்தினான். கடைசியில் கிடாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அது இல்லாமல் அவனுக்கு வாய் திறந்து பழக்கமில்லை. விரல் தன்பாட்டுக்கு இரண்டு சுரங்களைத் திரும்பத் திரும்ப மீட்டிக்கொண்டிருக்க, பேச்சு மெல்ல வந்தது.

"மாப்ள, நான்தான் பேசுறேன். நல்லா இருக்கியா. வீட்ல எல்லாரும் சௌக்கியமா. நேர்ல சொல்ல தைரியம் இல்லாமத்தான் இப்படிச் சொல்றேன். உன் சத்தம் பெருசு மாப்ள. என் பாட்டு சின்னதாயிடுச்சு. அதுக்குள்ள ரெண்டு பேரும் நிக்க முடியல. நீ போ. கடலத் தாண்டிப் போ. என்னப் பாத்துக்கிட்டு நிக்காத, நான் யாருக்கும் நிழல் குடுக்குற மரம் இல்ல."

மரம் என்கிற வரி நன்றாக விழுந்துவிட்டதே என்று அவனுக்கே பட்டது. ஆகவே அதை இன்னொரு தடவை சொன்னான், கொஞ்சம் இழுத்து. அப்போதே அவன் சுதாரித்திருக்க வேண்டும். சுதாரிக்கிற ஆளாக இருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

வெள்ளி சாயங்காலமே கேசட்டைக் கொண்டுபோய்க் கண்ணாத்தாளிடம் கொடுத்துவிட்டு, இளம்பரிதி வருவதற்குள் பைக்கைக் கிளப்பிக்கொண்டு ஓடிவந்தான். சனிக்கிழமை பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் பூத்துக்குப் போன் வந்தது. பேசியது இளம்பரிதியின் தங்கை எழில்மொழி.

"அண்ணே, நாளைக்குக் காலைல பத்து மணிக்கு அண்ணன் உங்களக் கொட்டகைக்கு வரச் சொல்லுச்சு. கேசட்டப் பத்திப் பேசணுமாம்."

"கோவமா இருக்கானா?"

"தெரியலண்ணே. ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல."

அடிப்பான் என்று அஸார் முடிவு கட்டினான். இரும்பு தூக்கிப் பழகிய கை. மறுநாள் காலை கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் பைக்கை விட்டு இறங்கினான்.

கொட்டகை என்பது மருதையன் நெல் மூட்டை அடுக்குகிற இடம். அதன் ஒரு மூலையில்தான் டிரம்ஸ் கிடந்தது. பூகம்பம் ஒத்திகை பார்த்ததெல்லாம் அங்கேதான். மூட்டை இல்லாத மாதங்களில் ஒரு தட்டு தட்டினால் கூரை வரைக்கும் அதிரும். அது சம்பா அறுவடை முடிந்த நேரம். மூன்று பக்கமும் மூட்டைகள் அடுக்கியிருந்ததால் சத்தமெல்லாம் நெல்லுக்குள் அடங்கி, உள்ளே காற்றே அமைதியாக இருந்தது.

இளம்பரிதி எழுந்து வந்து அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"எப்படிடா எழுதுன?" என்றான். கண் கலங்கியிருந்தது.

"எத?"

"பதினோராவது பாட்ட. பின்பக்கம் இருக்கே, அது. மொதப் பத்தும் சுமார்தான் மாப்ள, தப்பா நெனச்சுக்காத, நாலாவதுல நானே தூங்கிட்டேன். ஆனா அந்தப் பதினொண்ணு. எழிலு அழுதுட்டா. ஒரு ஆளு தன் கூட்டாளியப் போகச் சொல்றான், மனசு விட்டு சொல்ல முடியல, மரம் கிரம்னு என்னமோ உளர்றான். அந்தத் திணறல எப்படிடா பாட்டாக்குன?"

எழில்மொழி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். பரீட்சைக்கான கேள்வி பதில்களைப் பதிந்து கேட்பதற்காக வைத்திருந்த டேப் ரெக்கார்டர் அவள் மடியில் இருந்தது. "ஆமாண்ணே. அந்த மரம் ரெண்டாவது தடவ வருதுல்ல, அங்கதான் அழுதேன்" என்றாள்.

அஸார் ஒரு மூட்டையைப் பிடித்துக்கொண்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு உண்மையைச் சொன்னான், அதுவும் பாட்டாகிப் போய்விட்டது.

"நாலு வேளையா உக்காந்து தாளம் போட்டிருக்கேன்" என்றான் இளம்பரிதி. "பத்துக்கும் வேணாம், அது உன் இஷ்டம். இதுக்கு மட்டும் கேளு. பன்னெண்டு மணிக்கு நான் சேக் தாவூது பாய்கிட்டப் போய் வேணாம்னு சொல்லிட்டு வந்துடணும்."

"வேணாம்னா?"

"இப்படி ஒரு பாட்டு போடுறவன விட்டுட்டு எவன்டா சிங்கப்பூர் போவான்? உக்காரு. பாடு. எழிலு, பதிவு பண்ணு."

சொல்லவேண்டிய இடம் அதுதான். அஸார் கிடாரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். மடையனின் விரல் தன்பாட்டுக்கு அந்த இரண்டு சுரங்களை மீட்ட ஆரம்பித்துவிட்டது. இளம்பரிதி குச்சியைத் தொடவில்லை. பெரிய டிரம்மின் மேல் ஒரு காலிச் சாக்கை விரித்து வெறும் உள்ளங்கையால் தட்டினான். பக்கத்து வீட்டில் யாரோ மாவு இடிக்கிற மாதிரி, தூரத்தில், விட்டுவிட்டு வந்தது. அஸார் ஒரு வரி சொல்லித் திணறிய இடத்தில் அந்தக் கை காத்திருந்தது. அவன் மூச்சு எடுத்ததும் அதுவும் நகர்ந்தது.

நன்றாக இருந்தது. அதுதான் கொடுமை. எட்டு மாதம் தாடி வளர்த்துக் கடற்கரையில் தேடியது அந்தச் சாக்கு மேல் கிடந்தது. டிரம்ஸ் இல்லாத கேசட் என்று பீற்றிக்கொண்டானே, டிரம்ஸை இப்படி வாசிக்க முடியும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். உன் சத்தம் பெரிது என்று வெள்ளிக்கிழமை சொன்னது திங்கள்கிழமை பொய்யாகிவிட்டது. இப்போது அவனுக்கு இளம்பரிதி வேண்டும். பத்துப் பாட்டுக்கும் வேண்டும். சும்மா இருந்தால் போதும், மணி பன்னிரண்டு தாண்டிவிடும், நெடுங்கரையிலேயே இருப்பான். தமிழ்நாட்டில் யாரும் கேட்டிராத ஒரு கேசட் வரும். மருதையன் மறுபடியும் குத்தகை நெல்லை மட்டும் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சேக் தாவூது மூன்றாவது தடவை கூப்பிடப் போவதில்லை.

மரம் வந்தது. முதல் தடவை சொன்னான். இரண்டாவது தடவைக்கு வாய் திறந்தபோது வேறு வந்தது.

"இது பாட்டு இல்லடா, மாப்ள."

கை நிற்கவில்லை. இன்னும் நான்கு தட்டு விழுந்தது. பிறகு இளம்பரிதி உள்ளங்கையைச் சாக்கின் மேலேயே அழுத்தி வைத்துக்கொண்டான்.

"என்ன சொன்ன?"

"பாட்டு இல்ல. உனக்குப் பேசி அனுப்புனது. அத்தாவுக்கு அம்மா அனுப்புவாங்கல்ல, அந்த மாதிரி."

"எட்டு கிலோமீட்டர்ல இருக்கிறவனுக்கா?"

அஸார் தலையாட்டினான்.

"அப்ப, உன் சத்தம் பெருசுன்னது என்னையா?"

"ஆமா. தஞ்சாவூர்லயும் சொல்லிட்டேன், டிரம்ஸ் இல்லன்னு. பத்து நாளாச்சு."

இளம்பரிதி டிரம்மின் மேலிருந்த சாக்கை உருவிக் கீழே போட்டான். "வாய்ல சொல்லித் தொலைச்சிருக்கலாம்லடா" என்றான். "என்னைய வேணாம்னு சொன்னதுக்கே நான் உக்காந்து தாளம் போட்டிருக்கேன். வெக்கமா இருக்குடா எனக்கு."

இப்போது நீ வேண்டும் என்று சொல்ல அஸாருக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டான். உள்ளே உள்ளே என்று பத்துப் பாட்டில் பாடியவன் உருப்படியாக ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

"மணி பத்தே முக்காலுண்ணே" என்றாள் எழில்மொழி, யாரையும் பார்க்காமல்.

பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்பியவனை வாய்க்கால் கரையோடு அஸார்தான் பைக்கில் கூட்டிக்கொண்டு போனான். வழி நெடுக இளம்பரிதி தோளைப் பிடித்துக்கொள்ளவில்லை, பின்கம்பியைப் பிடித்தபடி வந்தான். கண்ணாடி சட்டைப் பையிலேயே இருந்ததால் பாதிப் பாதை அஸாருக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. கண்ணாடிதான் காரணம் என்று சொல்லிக்கொண்டான். சேக் தாவூது கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பாஸ்போர்ட்டை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டார். திரும்பும்போது இளம்பரிதி டவுன் பஸ்ஸில் ஏறிக்கொண்டான்.

பன்னிரண்டு நாள் கழித்து திருச்சிக்குப் போகிற வண்டியில் அவனை ஏற்றிவிட வீட்டார் வந்திருந்தார்கள். அஸாரும் போய் நின்றான். இளம்பரிதி கைகொடுத்தான். "பாட்டு நல்லா வரட்டும்" என்றான், யாரோ தெரிந்த கடைக்காரரிடம் சொல்வதுபோல.

அஸார் தஞ்சாவூருக்குப் போய்ப் பத்துப் பாட்டையும் டிரம்ஸ் இல்லாமலேயே பதிந்தான். கூடவே, எழில்மொழி கொண்டுவந்து கொடுத்த கொட்டகைக் கேசட்டையும் மீரா உசேனிடம் போட்டுக் காட்டினான். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "தம்பி, அந்தப் பத்தும் நல்லாத் தூக்கம் வருது. இதக் கடைசில வச்சு விட்டுடுங்க" என்றார். நான்கு தட்டு விழுந்ததும் வெட்டிவிட்டார். கேசட் வந்தது. இருநூறு அடித்ததில் அம்மாவின் கட்டிலுக்கடியில் நூற்றுச் சொச்சம் தங்கின. வாங்கினவர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் கேட்டார்கள், கடைசிப் பாட்டில் வாசிப்பது யார் என்று. அட்டையில் 'டிரம்ஸ்: இளம்பரிதி' என்று போட்டிருந்தது, யார் அட்டையைப் படிக்கிறார்கள்?

ஒரு பிரதியை எழில்மொழி சிங்கப்பூருக்குப் போகிற ஆளிடம் கொடுத்துவிட்டாள். ஆறு மாதம் பதில் இல்லை. ஐப்பசியில் ஒருநாள், மழையோடு மழையாக, நெடுங்கரைக்காரர் ஒருவர் பூத்துக்கு வந்து ஒரு கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அஸார் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போட்டுக் கேட்டான். பின்னால் நிறையப் பேர் பேசுகிற சத்தம், தட்டுகள் உரசுகிற சத்தம்.

"மாப்ள, நான்தான் பேசுறேன். நல்லா இருக்கியா. வீட்ல எல்லாரும் சௌக்கியமா. இங்க சோறுதான் கொஞ்சம் சரியில்ல, மத்தபடி வேல பரவால்ல. அப்பாவுக்கு இந்த வருஷம் வயல்ல போர்வெல் போட்டாச்சு. உன் கேசட்டு கேட்டேன். ரூம்ல பதினாலு பேரும் கேட்டோம். கடைசிப் பாட்ட மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்றானுவ. ரொம்ப நாளாக் கோவமா இருந்தேன், இப்ப இல்ல. ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நான் வெக்கமா இருக்குன்னு சொன்னப்ப, நீ ஏதோ சொல்ல வந்து முழுங்குன. பல்லக் கடிச்சத நான் பாத்தேன். என்னடா அது? பின்பக்கம் காலியா விட்டிருக்கேன், பேசி அனுப்பு."

அஸார் கேசட்டை எடுத்துக்கொண்டு நனைந்தபடியே வீட்டுக்கு வந்தான். கிடாரை அலமாரியில் வைத்துப் பூட்டினான். சாவியைக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்து, நான் கேட்டாலும் தராதீங்க என்றான். பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கேசட்டைத் திருப்பிப் போட்டு, வெறுங்கையோடு உட்கார்ந்து, பொத்தானை அழுத்தினான்.